அப்டேட்டுக்குப் பிறகு கொம்பியூட்டர் எழும்பாட்டி, போமட் பண்ண முதல் இதைச் செய்து பாருங்க

தங்கச்சி, உங்கட கேள்வியை வடிவா வாசிச்சன். நீங்க சொன்னதை சுருக்கமா திருப்பிச் சொல்லுறன், இதே பிரச்சினையோட வாற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். திருகோணமலை உவர்மலையில அப்பா நடத்துற டியூசன் கிளாஸ்ட டெஸ்க்டொப், இரவு விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போய் வந்திருக்கு, காலையில போட்டா "ப்ரிப்பேரிங் ஓட்டோமட்டிக் ரிப்பெயர்" எண்டு வந்து, கருப்பாகி, திரும்பவும் அதே இடத்துக்கே வந்து நிக்குது. டவுன்ல ஒரு கடையில கேட்டா போமட் அடிச்சு புது விண்டோஸ் போட்டாத்தான் சரி எண்டு சொல்லிட்டாங்க. உள்ளுக்க அப்பா வருசக்கணக்கா அடிச்சு வச்ச ஏ.எல் கெமிஸ்ட்ரி பேப்பர், நோட்ஸ் எல்லாம் கிடக்கு, வேற கொப்பி இல்லை.

போமட் பண்ண விடாதீங்க. இதைத்தான் முதல்ல சொல்லோணும். அப்பாட பேப்பர் எல்லாம் அநேகமா அப்பிடியே இருக்கு, அது எங்கயும் போகேல்ல.

ஏன் அவ்வளவு நம்பிக்கையா சொல்லுறன் எண்டா, விண்டோஸ் அப்டேட் கை வைக்கிற இடம் வேற, உங்கட ஃபைல் இருக்கிற இடம் வேற. மாசாமாசம் வாற அப்டேட், பெரும்பாலும் சி ட்ரைவ்ல இருக்கிற விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளதான் வேலை செய்யும். முதல்ல புது ஃபைல்களை இறக்கி ஒரு பக்கம் அடுக்கி வைக்கும், ரீஸ்டார்ட் ஆகேக்க பழசை எடுத்திட்டு புதுசை மாத்தும், எதெதெல்லாம் மாத்தி முடிஞ்சுது எதெதெல்லாம் மிச்சம் எண்டு ஒரு கணக்கும் எழுதி வச்சிருக்கும். நடுவில கரண்ட் போனா அந்தக் கணக்கு பாதியில நிக்கும், பாதி புதுசு பாதி பழசு எண்டு ஒண்டோட ஒண்டு பொருந்தாம விண்டோஸ் எழும்பாது. டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டி ட்ரைவ் இதுகளை அது தொடுறதே இல்லை. ஆனா போமட் எல்லாத்தையும் தொடும். அதால போமட் எண்டது கடைசிக்கும் கடைசி, அதுவும் டேட்டாவை வெளிய எடுத்த பிறகுதான்.

2024 ஜூலை 19ம் திகதி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் எண்ட செக்கியூரிட்டி கொம்பனிட ஒரு பிழையான அப்டேட்டால உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர் நீலத் திரையோட விழுந்தது, பிளேன் எல்லாம் நிண்டுது, ஆஸ்பத்திரிகள் தடுமாறிச்சு. அதை எப்பிடி எழுப்பினாங்க எண்டு பாருங்க, சேஃப் மோடுக்குப் போய் (அத்தியாவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸை எழுப்புற முறை) ஒரு குறிப்பிட்ட ஃபைலை அழிச்சாங்க, அவ்வளவுதான். அப்டேட்டால விழுந்தது அப்டேட்டை பின்னால எடுத்தா எழும்பும், இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்க.

முதல்ல எந்த இடத்தில நிக்குது எண்டு பாக்கோணும். உங்கட கேஸ்ல "ஓட்டோமட்டிக் ரிப்பெயர்" எண்ட எழுத்தாவது வருது. அது நல்ல அறிகுறி, ஏனெண்டா அந்த எழுத்து வாறதுக்கு மதர்போட், ரேம், டிஸ்ப்ளே எல்லாம் வேலை செய்யோணும், டிஸ்க்கையும் கொஞ்சமாவது வாசிக்க ஏலோணும். விண்டோஸ்தான் விழுந்திருக்கு, மெசின் இல்லை. (மொனிட்டர்ல ஒண்டுமே வராத ஆக்களுக்கு கதை வேற, அதை கீழ சொல்லுறன்.)

வேலை தொடங்க முதல் ரெண்டு விசயம். பிரின்டர், வெப்கேம், பென்ட்ரைவ், கார்ட் ரீடர் எல்லாத்தையும் கழட்டுங்க, கீபோட்டும் மவுஸும் மட்டும் காணும். பென்ட்ரைவ் குத்தின மாதிரியே கிடந்ததால மெசின் அதில இருந்து எழும்பப் பாத்து நிண்ட கேஸும் இருக்கு. அடுத்தது, "அன்டூயிங் சேஞ்சஸ்" எண்டு திரையில சுத்திக்கொண்டு இருந்தா பொறுமையா விடுங்க. அது தன்ட பாட்டில பின்னால போகுது எண்டு அர்த்தம். பழைய ஹாட் டிஸ்க் எண்டா ஒரு மணித்தியாலமும் எடுக்கும், அதுக்கும் மேலயும் எடுக்கும். சிஸ்டம் யுனிட்டில டிஸ்க்குக்கு ஒரு சின்ன லைட் இருக்கும், அது மினுங்கிக்கொண்டு இருந்தா கை வைக்காதீங்க. அந்த நேரம் பவரை நிப்பாட்டினா பின்னால போறதும் பாதியில நிண்டிடும், பிறகு வேலை ரெண்டு மடங்கு.

இப்ப ரிக்கவரி மெனுவுக்குள்ள போகோணும். ஓட்டோமட்டிக் ரிப்பெயர் தோத்துப் போன பிறகு ஒரு நீலத் திரை வரும், அதில "அட்வான்ஸ்ட் ஓப்ஷன்ஸ்" எண்டு இருக்கும், அதை அமத்துங்க. அது வராம சுத்திக்கொண்டே இருந்தா, மெசினைப் போட்டு லோகோ தெரிஞ்சவுடன பவர் பட்டனை ஒரு பத்து செக்கன் அமத்திப் பிடிச்சு நிப்பாட்டுங்க, இப்பிடி அடுத்தடுத்து ரெண்டு தரம் செய்தா மூண்டாம் தரம் விண்டோஸ் தானாவே அந்த மெனுவுக்கு போகும். அதுவும் சரிவராட்டி வேற ஒரு கொம்பியூட்டர்ல மைக்ரோசொப்ட்ட மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதுக்கு மேல உள்ள பென்ட்ரைவ்ல விண்டோஸ் போட்டு எடுங்க. பென்ட்ரைவ்ல ஏற்கனவே இருக்கிறது எல்லாம் அழியும், அதால வெறும் பென்னா பாருங்க. இறக்கிறது பல ஜிபி வரும், போன் டேட்டாவில செய்யாம இரவு டேட்டாவிலயோ ஃபைபர் இருக்கிற வீட்டிலயோ செய்யுங்க. பிறகு எஃப் 12 அல்லது எஃப் 11 அமத்தி, மதர்போட்டைப் பொறுத்து மாறும், அந்தப் பென்னில இருந்து எழுப்பி, இன்ஸ்டோல் எண்டதை அமத்தாம "ரிப்பெயர்" எண்டு இருக்கிறதை அமத்துங்க. இந்த இடத்தில அவசரப்பட்டு இன்ஸ்டோலை அமத்தி, அடுத்து வாற பக்கத்தில பார்ட்டிஷனை (டிஸ்க்கைப் பிரிச்சு வச்ச பகுதி) டிலீட் பண்ணித்தான் கனபேர் உள்ளதையும் இழக்கிறாங்க.

விண்டோஸ் 11 ஆக்களுக்கு ஒரு முக்கியமான விசயம். மெனு வருது, ஆனா கீபோட்டும் மவுஸும் ஒண்டுமே அசையுதில்லை எண்டா உங்கட கீபோட் பழுதில்லை. 2025 அக்டோபர் 14ம் திகதி வந்த அப்டேட்டில ஒரு பிழை இருந்தது, விண்டோஸ் 11ட 24எச்2, 25எச்2 எண்ட பதிப்பு இருக்கிற மெசின்கள்ல ரிக்கவரி மெனுவுக்குள்ள யூஎஸ்பி கீபோட்டும் மவுஸும் வேலை செய்யாம விட்டுது, சாதாரண விண்டோஸ்ல வேலை செய்யும், தேவைப்படுற இந்த இடத்தில மட்டும் செய்யாது. மைக்ரோசொப்ட் 20ம் திகதியே அதை திருத்தி வேற அப்டேட் விட்டுது, ஆனா அந்தத் திருத்தம் ஏற முதல் விழுந்த மெசின் அப்பிடியேதான் நிக்கும். அதுக்கு வழி, பழைய உருண்டை முனை பிஎஸ் 2 கீபோட் ஒண்டு தேடிப் பிடிக்கிறது, டெஸ்க்டொப்ல பின்னால அந்த ஊதா, பச்சை நிற ஓட்டை அநேகமா இருக்கும். இல்லாட்டி மேல சொன்ன பென்ட்ரைவால எழுப்பினா யூஎஸ்பி கீபோட் வழமை போல வேலை செய்யும்.

மெனுவுக்குள்ள போனவுடன ஒரு 48 இலக்க நம்பர் கேட்டா பயப்பட வேணாம், அது பிட்லொக்கர். டிஸ்க் பூட்டி இருக்கு எண்டு அர்த்தம். 24எச்2 இல இருந்து புதுசா விண்டோஸ் போட்டு மைக்ரோசொப்ட் எக்கவுண்டால உள்ளுக்க போனாலே கன மெசின்கள்ல இது தானா ஓன் ஆகுது, வச்சிருக்கிற ஆளுக்கே தெரியாது. சாவி அந்த எக்கவுண்டிலயே சேவ் ஆகி இருக்கும். போன்ல பிரவுசரைத் திறந்து அப்பாட மைக்ரோசொப்ட் எக்கவுண்டுக்குள்ள போய், டிவைசஸ் எண்ட பகுதியில ரிக்கவரி கீ எண்டு பாருங்க. ஒண்டுக்கு மேல இருந்தா, திரையில காட்டுற கீ ஐடிட முதல் 8 எழுத்தோட ஒத்துப் பாத்து எடுங்க. இந்தச் சாவி இல்லாம டிஸ்க்கை கழட்டி வேற மெசின்ல குத்தினாலும் ஒண்டும் வாசிக்க ஏலாது, எந்தக் கடையாலயும் ஏலாது.

இனி முக்கியமான வேலை. எதையும் திருத்த முதல் அப்பாட ஃபைலை வெளிய எடுங்க. இந்த இடத்தில நான் கொஞ்சம் பிடிவாதமா சொல்லுறன், ஏனெண்டா கனபேர் எழும்பப் பண்ணுற அவசரத்தில யூடியூப்ல பாத்த கட்டளை எல்லாத்தையும் அடிச்சுப் பாக்கிறாங்க, அதில ஒண்டு பிழைச்சா பிறகு டேட்டாவும் இல்லை விண்டோஸும் இல்லை. மெசின் எழும்பாட்டி இன்னொரு மெசின் வாங்கலாம், அந்தப் பேப்பரை அப்பா திரும்ப இருந்து அடிக்க ஏலுமா?

விண்டோஸ் எழும்பாமலே ஃபைல் எடுக்க ஒரு லேசான வழி இருக்கு. அட்வான்ஸ்ட் ஓப்ஷன்ஸ்ல "கொமாண்ட் ப்ரொம்ப்ட்" எண்டு, கட்டளை அடிக்கிற கருப்பு விண்டோ இருக்கும், அதைத் திறந்து நோட்பேட் எண்ட சொல்லை இங்கிலிசில அடிச்சு என்டர் பண்ணுங்க. ஓம், அந்தச் சாதாரண நோட்பேட்தான். அது திறந்தவுடன ஃபைல் மெனுவில "ஓப்பன்" கொடுத்தா ஒரு விண்டோ வரும், கீழ "ஓல் ஃபைல்ஸ்" எண்டு மாத்துங்க, இப்ப உங்களுக்கு முழு டிஸ்க்கும் தெரியும். திஸ் பிசி, பிறகு சி ட்ரைவ், பிறகு யூசர்ஸ், அதுக்குள்ள அப்பாட பேரில ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ். வேணும் எண்ட ஃபோல்டரில ரைட் கிளிக் பண்ணி கொப்பி, பிறகு அதே விண்டோவிலயே வெளிய குத்தின டிஸ்க் அல்லது பென்னுக்குப் போய் பேஸ்ட். கொப்பி ஓடுறது திரையில காட்டாது, உறைஞ்சு போன மாதிரி இருக்கும், பென்னில லைட் மினுங்கிறதைப் பாத்து இருங்க, பெரிய ஃபோல்டரை ஒரேயடியா எடுக்காம பிரிச்சு பிரிச்சு எடுங்க. இன்னொரு விசயம், ரிக்கவரிக்குள்ள ட்ரைவ் எழுத்து மாறி இருக்கும், வழமையா சி எண்டு இருக்கிறது டி எண்டோ ஈ எண்டோ தெரியும். சி வெறுமையா இருக்கு எண்டு பதறாதீங்க, மற்ற எழுத்துகளைத் திறந்து விண்டோஸ் ஃபோல்டர் எதில இருக்கு எண்டு பாருங்க. அந்த எழுத்தை ஒரு பேப்பரில எழுதி வையுங்க, பிறகும் தேவைப்படும்.

எடுக்கேக்க ஒண்டை மறக்காதீங்க, எங்கட ஆக்கள் எல்லாரும் மறக்கிறது. அப்பா பாமினி எண்ட தமிழ் ஃபொண்டில டைப் பண்ணுறவர் எண்டா, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபொண்ட்ஸ் எண்டு இருக்கும், அதுக்குள்ள இருக்கிற தமிழ் ஃபொண்ட் எல்லாத்தையும் சேத்து கொப்பி பண்ணுங்க. பாமினியில அடிச்ச பேப்பர் உண்மையில உள்ளுக்க இங்கிலிஸ் எழுத்தாத்தான் கிடக்கு, ஃபொண்ட்தான் அதைத் தமிழா காட்டுது. புது விண்டோஸ்ல அந்த ஃபொண்ட் இல்லாம திறந்தா பக்கம் முழுக்க விளங்காத இங்கிலிஸ் எழுத்தா வரும், ஃபைல் பழுதாப் போச்சு எண்டு நினைச்சு அழிச்ச ஆக்களும் இருக்கிறாங்க. ஃபைல் பழுதில்லை, ஃபொண்டைப் போட்டா திரும்ப வரும்.

நோட்பேட் வழி சரிவராட்டி, உபுண்டு அல்லது மின்ட் எண்ட லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலா கொம்பியூட்டரை ஓட்டுற வேற சிஸ்டம்) ஒரு பென்னில போட்டு, இன்ஸ்டோல் பண்ணாம "ட்ரை" எண்டதைக் கொடுத்து எழுப்பினா, சாதாரண ஃபைல் மனேஜர்லயே விண்டோஸ் டிஸ்க் தெரியும், கொப்பி பண்ணலாம். அதுவும் ஏலாட்டி டிஸ்க்கை கழட்டி வேற டெஸ்க்டொப்ல ரெண்டாவது டிஸ்க்கா குத்துங்க. போன்ல மைக்ரோசொப்ட்ட ஒன்லைன் சேமிப்பு வன்ட்ரைவையும் ஒருக்கா திறந்து பாருங்க, மைக்ரோசொப்ட் எக்கவுண்ட் போட்ட மெசின்ல டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் உங்களுக்குத் தெரியாமலே அங்க ஏறி இருக்கவும் கூடும்.

கொப்பி பண்ணேக்க டிஸ்க் டிக் டிக் எண்டு தட்டிற சத்தம் கேட்டா, அல்லது ஒரு சின்ன ஃபைலுக்கு நிமிசக்கணக்கில நிண்டா, பிரச்சினை அப்டேட் இல்லை, டிஸ்க் சாகுது. அப்டேட் ஒரே நேரத்தில கனக்க எழுதிற வேலை, ஏற்கனவே நலிஞ்ச டிஸ்க் அந்த இரவுதான் வெளிய தெரிஞ்சிருக்கும். அப்பிடி எண்டா செக்டிஸ்க் எண்ட டிஸ்க் சோதிக்கிற கட்டளையை ஓட்டாதீங்க, அது டிஸ்க்கை முழுக்க உழுது இன்னும் கெடுக்கும். முக்கியமான ஃபைலை முதல்ல எடுத்து, மிச்சத்தைப் பிறகு எடுத்து, புது எஸ்எஸ்டி ஒண்டு வாங்குங்க.

டேட்டா கையில வந்திட்டுதா? இனிப் பயமில்லாம திருத்தலாம்.

ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஓப்ஷன்ஸ், "அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்". ரெண்டு ஓப்ஷன் வரும். குவாலிட்டி அப்டேட் எண்டது மாசாமாசம் வாறது, ஃபீச்சர் அப்டேட் எண்டது 23எச்2 இல இருந்து 24எச்2 போற மாதிரி பெரிய மாற்றம். உங்கட கேஸ்ல குவாலிட்டியை முதல்ல எடுங்க. இரவு வந்தது பெரிய அப்டேட் எண்டா ஃபீச்சரை எடுக்கலாம், ஆனா அதுக்கு வழமையா 10 நாள்தான் தவணை, அதுக்குப் பிறகு பழைய விண்டோஸை அது அழிச்சிடும். அதால இந்த மெசினை ஒரு மூலையில வச்சிட்டு "பிறகு பாப்பம்" எண்டு விடாதீங்க. என்ட அனுபவத்தில பாதிக்கு மேல இந்த ஒரு படியோடயே எழும்பிடும், ஸ்டார்ட்அப் ரிப்பெயரை விட இதைத்தான் நான் முதல்ல செய்யிறது.

எழும்பேல்லையா? ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4 ஐ அமத்தினா சேஃப் மோட். சேஃப் மோட்ல எழும்பினா விண்டோஸ் நல்லா இருக்கு, ஏதோ ஒரு ட்ரைவர்தான் குழப்புது, அநேகமா டிஸ்ப்ளே ட்ரைவர் அல்லது அன்டிவைரஸ். டிவைஸ் மனேஜருக்குள்ள போய் டிஸ்ப்ளே ட்ரைவரை "ரோல் பேக்" பண்ணுங்க, வெளி அன்டிவைரஸ் இருந்தா அன்இன்ஸ்டோல் பண்ணிட்டு சாதாரணமா எழுப்பிப் பாருங்க. சில நேரம் சேஃப் மோட்ல ஒருக்கா எழும்பினதே காணும், தொங்கிக்கொண்டு இருந்த வேலையை முடிச்சிட்டு அடுத்த தரம் தன்ட பாட்டில வரும்.

சிஸ்டம் ரெஸ்டோர்ல அப்டேட்டுக்கு முதல் திகதி ஒண்டு இருந்தா அதையும் பாக்கலாம், அது டொக்கியுமென்ட்ஸைத் தொடாது.

அடுத்தது நடுவில கரண்ட் போன கேஸுக்கு எண்டே இருக்கிற கட்டளை, அதால உங்களுக்கு இது விசேசமா பொருந்தும். போன்ல சொல்லுற மாதிரிச் சொல்லுறன், கட்டளையை இங்கிலிசில அடியுங்க. கொமாண்ட் ப்ரொம்ப்ட்ல டிஸ்ம், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் இமேஜ், கோலன், பிறகு நீங்க பேப்பரில எழுதின ட்ரைவ் எழுத்து, கோலன், பேக்ஸ்லாஷ், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் கிளீன்அப் ஹைஃபன் இமேஜ், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ரிவேர்ட் பெண்டிங் அக்ஷன்ஸ், இந்தக் கடைசி மூண்டு சொல்லும் இடைவெளி இல்லாம ஒட்டி வரோணும். நான் முதல்ல சொன்ன பாதியில நிண்ட கணக்கு இருக்கே, அதை ரத்துச் செய்து எல்லாத்தையும் அப்டேட்டுக்கு முதல் இருந்த மாதிரி வைக்கச் சொல்லுறதுதான் இந்தக் கட்டளை. முடிஞ்சு ரீஸ்டார்ட் கொடுத்தா முதல் எழும்பல் கனநேரம் எடுக்கும், விட்டிருங்க.

"நோ பூட் டிவைஸ்" எண்டோ "பூட் கொன்ஃபிகரேஷன்" எண்டோ எழுத்து வந்தா மட்டும் அடுத்தது. டிஸ்க்ல எழும்புறதுக்கு எண்டு 100 எம்பி அளவில ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும், ஃபேட் 32 எண்டு காட்டும், அதில இருக்கிற ஃபைல்கள் பழுதா இருக்கலாம். கொமாண்ட் ப்ரொம்ப்ட்ல டிஸ்க்பார்ட் எண்ட பார்ட்டிஷன் கருவிக்குள்ள போய் லிஸ்ட் வொலியூம் அடிச்சு அதைக் கண்டுபிடிச்சு, செலக்ட் பண்ணி, அசைன் மூலமா எஸ் எண்ட எழுத்தைக் கொடுத்து வெளிய வாங்க. பிறகு பிசிடிபூட் கட்டளை, ஒரு ஸ்பேஸ், விண்டோஸ் ஃபோல்டர்ட முழுப் பாதை, ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்பேஸ், எஸ் கோலன், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஃப், ஸ்பேஸ், யூஈஎஃப்ஐ. கனபேர் பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் எண்டு தேடிப் பிடிச்சு அடிச்சு "எக்ஸஸ் டினைட்" எண்டு வந்து நிப்பாங்க, யூஈஎஃப்ஐ (மெசின் எழும்புற புது முறை) மெசினுக்கு நான் சொன்ன இதுதான் சரியான வழி. டிஸ்க்பார்ட்டுக்குள்ள இருக்கேக்க கிளீன் எண்ட சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடிக்காதீங்க, பேர் நல்லா இருக்கு எண்டு நினைச்சு அடிச்சா முழு டிஸ்க்கிட பார்ட்டிஷனும் போயிடும். இந்தப் படி கை நடுங்கினா விட்டிட்டு தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க, அவசரம் ஒண்டும் இல்லை.

இது எல்லாம் செய்தும் வரேல்ல எண்டா "ரீசெட் திஸ் பிசி", அதில "கீப் மை ஃபைல்ஸ்". யூசர் ஃபோல்டர்ல இருக்கிறது மிஞ்சும், போட்ட சொஃப்ட்வெயர் எல்லாம் போயிடும், தமிழ் ஃபொண்டும் போயிடும், அதுக்குத்தான் முதல்லயே கொப்பி பண்ணச் சொன்னன்.

இப்ப மொனிட்டர்ல ஒண்டுமே வராத ஆக்களுக்கு. மாசக்கணக்கா ஸ்லீப்லயே போட்டுப் பாவிச்ச மெசின் அப்டேட்டாலதான் முழுசா ரீஸ்டார்ட் ஆகி இருக்கும், அப்ப பழைய ஹாட்வெயர் பழுது வெளிய வந்து பழி அப்டேட்டில விழும். எங்கட ஊர்ல இது இன்னும் கூட. டொக்யாட் ரோட், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோட இருக்கிற வீடுகள்ல உப்புக் காத்து உள்ளுக்க போய் ரேம் கால்கள்ல படிஞ்சு தொடர்பு விட்டிடும், அதுவும் மார்கழி மழைக்குப் பிறகு கேக்கவே வேணாம். பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை கொஞ்ச நேரம் அமத்திப் பிடிச்சு மிச்சக் கரண்டை இறக்கி, ரேமை எடுத்து அந்தத் தங்க நிறக் கால்களை வெள்ளை அழிறப்பரால மெல்லமாத் தேய்ச்சு, தூளை ஊதித் துடைச்சிட்டு, கிளிக் எண்டு சத்தம் கேக்கும் வரை திரும்பக் குத்துங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒண்டு ஒண்டா போட்டுப் பாருங்க.

திரையில திகதி வருசக்கணக்கா பின்னால போய் நிண்டா மதர்போட்டில இருக்கிற சிஆர் 2032 பட்டன் பற்றரி செத்திட்டுது. இது சின்ன விசயமாத் தெரியும், ஆனா கரண்ட் போய் வரேக்க பயோஸ் செட்டிங் (மதர்போட்ட அடிப்படை செட்டிங்) எல்லாம் மறந்து பழையபடி போயிடும், யூஈஎஃப்ஐ எண்டு இருந்தது லெகசி எண்ட பழைய முறை ஆகும், டிஸ்க்கோட பேசுற முறையான சாட்டா மோட் ஏஎச்சிஐ எண்டு இருந்தது வேறயா மாறும், விண்டோஸ் "இன்எக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" எண்டு நீலத் திரையோட நிக்கும். புதுப் பற்றரி போட்டு, டெலீட் அல்லது எஃப் 2 அமத்தி பயோஸுக்குள்ள போய் அந்த ரெண்டையும் பழையபடி மாத்தினா உடன எழும்பும். இதுக்கும் போமட் அடிச்சுக் குடுத்த கதை கேட்டிருக்கிறன், அதைக் கேக்க எனக்கு மனசு பொறுக்கிறதில்லை.

கோர் டூ டுவோ மாதிரி பழைய மெசின்ல ஆராவது வற்புறுத்தி விண்டோஸ் 11 போட்டு, அது 24எச்2 க்கு மாறின பிறகு எழும்பாம நிண்டா, 24எச்2 ஓட அதை எழுப்ப ஏலாது, அந்த புரொசசர்ல இல்லாத ஒரு கட்டளைத் தொகுதியை 24எச்2 கட்டாயமா கேக்குது. பென்ட்ரைவால டேட்டாவை எடுத்திட்டு லினக்ஸ் மின்ட் போடுங்க. விண்டோஸ் 10க்கு சாதாரண சப்போட் 2025 அக்டோபர் 14ம் திகதியோட முடிஞ்சுது, அதால பழைய மெசினுக்கு இப்ப லினக்ஸ்தான் நான் சொல்லுற வழி.

லினக்ஸ் வச்சிருக்கிற பெடியளுக்கும் ரெண்டு வசனம். அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு எழும்பாட்டி, எழும்பேக்க எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அமத்தி குரப் எண்ட எழும்பல் மெனுவை எடுத்து, அட்வான்ஸ்ட் ஓப்ஷன்ஸ்ல பழைய கேர்னலை (லினக்ஸ்ட மையப் பகுதி) தெரிவு செய்யுங்க, பழசை அது வச்சிருக்கும். அது எழும்பினா புதுக் கேர்னல் அல்லது என்விடியா ட்ரைவர்தான் பிழை. பூட் பார்ட்டிஷன் நிரம்பி இருக்கா எண்டு பாத்து, பழைய கேர்னல்களை அழிச்சு, பாதியில நிண்ட பக்கேஜை டிபிகேஜி கொன்ஃபிகர் கட்டளையால முடிச்சு விடுங்க.

தங்கச்சி, மெசின் எழும்பின பிறகு உடன அப்டேட்டை விடாதீங்க. விண்டோஸ் 11ல செட்டிங்ஸுக்குள்ள அப்டேட்டை அஞ்சு கிழமை வரை நிப்பாட்டி வைக்கலாம், ஒரு கிழமை நிப்பாட்டினாலே காணும், பிழையான அப்டேட் எண்டா அதுக்குள்ள உலகம் முழுக்க சத்தம் போட்டிடும். ஆனா நிரந்தரமா நிப்பாட்டவும் கூடாது, பிள்ளைகள்ட பென்ட்ரைவ் எல்லாம் குத்துற மெசின், செக்கியூரிட்டி அப்டேட் இல்லாம விட ஏலாது. மைக்ரோசொப்ட் மாசத்தில ரெண்டாவது செவ்வாய்க்கிழமை விடும், எங்கட நேரத்துக்கு அது செவ்வாய் இரவு பத்தரை, பதினொண்டரை ஆகும், அதால புதன்கிழமை காலையில கிளாஸுக்கு பேப்பர் பிரின்ட் எடுக்கிற வேலையை வைக்காம இருந்தா நல்லம். அப்டேட்டை பகல்ல, வானம் வெளிச்சிருக்கிற நாள்ல, ஆக்கள் பக்கத்தில இருக்கேக்க ஓடவிடுங்க. சின்ன யூபிஎஸ் ஒண்டு போட்டா கனநேரக் கரண்ட் வெட்டுக்குக் காணாது, ஆனா எங்கட பக்கம் அடிக்கடி நடக்கிற அந்த ஒரு நிமிசம் போய் வாறதுக்குக் காணும், உங்கட மெசினை விழுத்தினதும் அதுதான்.

நோட்பேட் வழியால ஃபைல் எடுக்க ஏலுமா எண்டதை முதல்ல செய்து பாத்திட்டுச் சொல்லுங்க. அதில எங்கயாவது நிண்டாலோ, அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ் கொடுத்து பிழை காட்டினாலோ, திரையை அப்பிடியே போன்ல படம் எடுத்துப் போடுங்க, கீழ சின்ன எழுத்தில இருக்கிற பூச்சியம் எக்ஸ்ல தொடங்கிற நம்பர் தெளிவா விழோணும். அதோட மதர்போட் என்ன மொடல், உள்ள இருக்கிறது ஹாட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா எண்டதையும் எழுதுங்க.